கடனட்டை நிலுவை அடைத்தல்

கடனட்டையால் வாங்கிய பொருளுக்கோ எடுத்த ரொக்கத்துக்கோ உரிய தொகையைக் கெடு நாளுக்குள் முழுதாகக் கட்டாவிட்டால், மீதி வட்டியோடு தங்கும். அதுவே கடனட்டை நிலுவை. நகையோ நிலமோ ஈடாக வைக்காமல் பெறும் கடன் இது. கட்டக் கட்ட மறுபடியும் எடுக்க இடம் கொடுப்பதால் இதைச் சுழல் கடன் என்று வகைப்படுத்துவார்கள். பேச்சில் இது 'கார்டு டியூ'. அட்டையைக் கொண்டு வாங்குவது 'கார்டைத் தேய்ப்பது'. வங்கி கேட்கும் மிகச் சிறிய தொகையை மட்டும் செலுத்திவிட்டு மீதியைத் தள்ளிப்போடுவது 'மினிமம் கட்டுவது'. சம்பளம் 20,000, 25,000 என்ற அளவில் நிற்கும் வீடுகளில் இந்த மூன்றாவது பழக்கமே கடனை ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கிறது. அதை அடைக்கும் முறைகளைப் புரிந்துகொள்ள, முதலில் வட்டியின் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வட்டியை அளக்கும் மரபு

தமிழ்நாட்டில் வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதே கணக்கு. 'ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்' என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். ஒரு வட்டி நியாயமானது, இரண்டு வட்டி தாங்கக்கூடியது, மூன்று வட்டி கடுமையானது, ஐந்துக்கு மேல் போனால் குடும்பம் தாங்காது என்ற மதிப்பீடு ஊர்ப்புறங்களில் எழுதப்படாமலேயே நிலவுகிறது. இந்தியாவில் வழங்கப்படும் கடனட்டைகள் பலவற்றின் வட்டி மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம். இதன்மேல் 18 சதவீதம் சரக்கு சேவை வரியும் உண்டு. மற்றக் கடன்களின் வட்டிக்கு இந்த வரி இல்லை. கடனட்டை வட்டிக்கு மட்டும் உண்டு. ஆக, மூன்றே முக்கால் வட்டி வரியோடு சேர்ந்து ஏறக்குறைய நாலரை வட்டியாகிறது. பக்கத்துத் தெருவில் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கத் தயங்கும் ஒருவர், அதைவிடக் கூடுதலான வட்டியைக் குளிரூட்டப்பட்ட கடையில் நின்று ஏற்றுக்கொள்கிறார். 'நூற்றுக்கு நாலரை' என்று யாரும் அவரிடம் சொல்லாததே அதற்குக் காரணம்.

மாதத்துக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று அளப்பது மிகப் பழைய முறை. அர்த்தசாஸ்திரம் நூறு பணத்துக்கு மாதம் ஒன்றே கால் பணத்தை முறையான வட்டியாகக் குறிக்கிறது. வணிகக் கடனுக்கு 5 பணம், காட்டு வழியாகச் செல்லும் வணிகருக்கு 10, கடல் கடந்து செல்பவருக்கு 20 என்று ஆபத்தின் அளவுக்கேற்ப வட்டியை உயர்த்துகிறது. இன்றைய மூன்றே முக்கால், அந்நூல் சாதாரணக் கடனுக்குச் சொன்ன வட்டியின் சரியாக மூன்று மடங்கு. சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டிக்குப் 'பொலிசை' என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த காசுகளை ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்றுக் காசொன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை செலுத்தியதை அக்கோயில் கல்வெட்டுகள் பதிவு செய்கின்றன. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, அதாவது 12.5 சதவீதம். கோயிலில் விளக்கு எரியவும் நாள் வழிபாடு நடக்கவும் அந்தப் பொலிசை போதுமானதாக இருந்தது.

பழைய இந்துச் சட்டத்தில் 'தாம்துபட்' என்றொரு விதி உண்டு. ஒரே சமயத்தில் வசூலிக்கும் வட்டி முதலை மிஞ்சக் கூடாது என்பது அதன் சாரம். வெள்ளையர் ஆட்சியில் பம்பாய் மாகாணத்திலும் கல்கத்தா நகரிலும் நீதிமன்றங்கள் இதைக் கைக்கொண்டன. சென்னை மாகாண நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. 1918-இல் வந்த கடுவட்டிக் கடன் சட்டம், வட்டி மிதமிஞ்சியது என்று கண்டால் கணக்கைத் திறந்து திருத்தும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்குத் தந்தது. 1936-இல் சென்னை மாகாணம் அதைத் திருத்திக் கூட்டு வட்டியின்மேல் இன்னும் கடுமையாக்கியது. ராஜாஜி அமைச்சரவை 1938-இல் கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இவற்றுள் துணிச்சலானது. 1932 அக்டோபருக்கு முன் பட்ட கடனில், முதலும் வட்டியுமாக ஒரு விவசாயி முதலைப்போல் இரு மடங்கு செலுத்தியிருந்தால், அந்தக் கடன் முழுதும் அடைந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது அது. அக்காலத்து லேவாதேவிக்காரர்கள் எதிர்த்தபோதும் பல குடும்பங்களின் நிலம் அந்தச் சட்டத்தால் தப்பியது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1957-ஆம் ஆண்டின் லேவாதேவிக்காரர் சட்டமும், நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுத்த 2003-ஆம் ஆண்டின் சட்டமும் அந்த வழியில் வந்தவை.

வங்கிகள் இந்த வேலிக்கு வெளியே நிற்கின்றன. வங்கி வசூலிக்கும் வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக நீதிமன்றம் கணக்கைத் திறக்கலாகாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ பிரிவு 1984-இல் நடைமுறைக்கு வந்தது. 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம், கடனட்டைக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் சென்றன. 2024 டிசம்பர் 20-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது: வட்டி விகிதத்தைக் கண்காணிப்பது ரிசர்வ் வங்கியின் வேலை, ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்றது. ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதையும் எண்ணால் குறிப்பிடவில்லை; வட்டி நியாயமாக இருக்க வேண்டும் என்ற அளவில் நிற்கிறது. எனவே ஆயிரம் ஆண்டுகளாகக் கடன்பட்டவனுக்குச் சட்டமோ மரபோ தந்த காப்பு, கடனட்டை வைத்திருப்பவருக்கு இல்லை.

கடனட்டையின் வரவு

நியூயார்க்கில் 1950-இல் பிராங்க் மெக்னமாராவும் கூட்டாளிகளும் தொடங்கிய டைனர்ஸ் கிளப், உணவகங்களில் காசின்றிச் சாப்பிட்டு மாதக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் அட்டையைத் தந்தது. அதில் நிலுவையைத் தள்ளிப்போட இடமில்லை. அந்த இடத்தைத் திறந்தது பேங்க் ஆஃப் அமெரிக்கா. 1958 செப்டம்பரில் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் ஏறக்குறைய 60,000 பேருக்கு, அவர்கள் கேளாமலேயே அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. வாராக் கடனும் மோசடியும் முதலில் வங்கியை உலுக்கின. ஆனாலும் திட்டம் நின்றது. 1976-இல் அந்த அட்டை 'விசா' என்று பெயர் மாறியது. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில வட்டியை நாடெங்கும் வாங்கலாம் என்றது. வட்டி வரம்பை நீக்கிய தெற்கு டகோட்டாவுக்குச் சிட்டி வங்கி தன் அட்டைப் பிரிவை மாற்றிக்கொண்டது.

இந்தியாவில் டைனர்ஸ் அட்டை 1960-களின் தொடக்கத்தில் வந்தது; வைத்திருந்தவர்கள் பெரிய தொழில் நடத்தியோரும் உயர் அலுவலருமே. இந்திய வங்கிகளில் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா 1980-இல் அட்டை வழங்கியது. 1990-களில் அயல்நாட்டு வங்கிகளும், 1998-இல் ஸ்டேட் வங்கியும், 2000-க்குப் பின் தனியார் வங்கிகளும் இறங்கியபோது அட்டை நடுத்தர வீட்டுக்கு வந்தது. அடுத்து மாதச் சம்பளக்காரர் எல்லோரிடமும் வந்தது. பேருந்து நிலையத்திலும் அலுவலக வாசலிலும் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கிய காலம் அது. 2022 முதல் ரூபே கடனட்டையை யு.பி.ஐ. வழியாகப் பெட்டிக்கடையிலும் பயன்படுத்தலாம். இந்தியாவில் புழங்கும் கடனட்டைகள் 2024 தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டின.

நிலுவை வளரும் விதம்

வாங்கிய நாளிலிருந்து கெடு நாள் வரை, வங்கிக்கேற்ப 45 அல்லது 50 நாள் வரை வட்டியில்லை. பட்டியல் தொகை முழுதும் கட்டினால் மட்டுமே இந்தச் சலுகை. ஒரு பகுதியை நிறுத்தினாலும் சலுகை போய்விடும். பழைய நிலுவைக்கு வட்டி ஓடுவதோடு, அடுத்து வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். பட்டியலில் 95 சதவீதம் கட்டிவிட்டு மீதி சிறு தொகைக்குத்தானே வட்டி வரும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ரொக்கம் எடுத்தால் வட்டியில்லா நாள் ஒன்றுகூடக் கிடையாது. எடுப்புக் கட்டணமும் தனியே உண்டு.

குறைந்தபட்சத் தொகை பெரும்பாலும் நிலுவையில் 5 சதவீதம் அளவில் அமையும். 60,000 ரூபாய் நிலுவையை எடுத்துக்கொண்டால், மாத வட்டி 2,250, அதன் வரி 405, ஆக 2,655 ரூபாய். பட்டியல் 62,655. அதில் 5 சதவீதமான 3,133 ரூபாயைக் கட்டினால் நிலுவை 59,522-க்கு இறங்கும். கையிலிருந்து போனது மூவாயிரத்துக்கு மேல், கடன் குறைந்தது 478 ரூபாய். புதிதாக ஒரு பைசாவுக்கும் தேய்க்காமல் இப்படியே கட்டி வந்தால், 60,000 என்ற கடன் 30,000 ஆவதற்கு 87 மாதங்கள் ஆகும். அதற்குள் கட்டியிருக்கும் தொகை ஏறக்குறைய 1,97,000 ரூபாய். கடனில் பாதி அப்போதும் மிச்சம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையைப் பட்டியலில் அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருப்பதன் பொருள் இந்தக் கணக்கில் விளங்கும்.

ரிசர்வ் வங்கியின் 2022 ஏப்ரல் 21-ஆம் நாள் வழிகாட்டுதல் சில கொடுமைகளை நிறுத்தியது. கட்டாத கட்டணத்தையும் வரியையும் முதலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டியும் கடன் ஏறும் நிலை வரக் கூடாது. கெடு தாண்டி மூன்று நாள் கழிந்த பிறகே தாமதக் கட்டணம் போடலாம். அட்டைதாரர் சம்மதமின்றிக் கடன் வரம்பை உயர்த்தக் கூடாது. கேளாமல் அட்டை அனுப்பி அதற்குக் கட்டணமும் போட்டால், அந்தத் தொகையைத் திருப்புவதோடு அதைப்போல் இரு மடங்கை அபராதமாகவும் வங்கி தர வேண்டும்.

குறைந்த வருவாயில் அடைத்தல்

கடன்பட்டவர் முதலில் அட்டையை உபயோகத்திலிருந்து எடுத்தாக வேண்டும். பழைய நிலுவை இருக்கும் வரை புதிய வாங்குதல் ஒவ்வொன்றும் நாலரை வட்டிக் கடன் என்பதால், இதற்கு விலக்கு வைக்க முடியாது. பெட்ரோல், மின்கட்டணம், கைபேசிச் செயலிகளின் மாதச் சந்தா என்று தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடுகளை நிறுத்துவதும் இதில் அடங்கும். அடுத்து, எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுதல்: யாருக்கு, எவ்வளவு, நூற்றுக்கு எத்தனை வட்டி, எந்தத் தேதியில் கெடு. கைமாற்று, சீட்டுத் தவணை, அடகுக் கடை ரசீது, கார்டு எல்லாம் ஒரே அளவுகோலில் வரும்போது எது முதலில் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மாதந்தோறும் மாறாத ஒரு தொகையைக் கட்டுவதே அடைக்கும் முறையின் உயிர். குறைந்தபட்சத் தொகை கடன் குறையக் குறையத் தானும் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் முடிவு எட்டுவதில்லை. அதே 60,000 ரூபாய்க்கு மாதம் 3,000 என்று நிலையாகக் கட்டினால் 50 மாதங்களில் அடையும், மொத்தம் ஏறக்குறைய 1,50,000. மாதம் 3,500 கட்டினால் 33 மாதங்கள். மாதம் 5,000 கட்டினால் 18 மாதங்கள், மொத்தம் 87,500 அளவில். 2,655-க்குக் கீழே கட்டினால் என்றும் அடையாது. ஐந்நூறு ரூபாய் கூடுதல் 17 மாதங்களைக் குறைக்கிறது. 25,000 சம்பளத்தில் அந்த ஐந்நூறைத் தேடுவது எளிதல்ல. ஆனால் அதைப்போல் பலன் தரும் ஐந்நூறு அந்த வீட்டில் வேறெங்கும் இல்லை. சம்பளம் வந்த அன்றே கட்டுவது நல்லது. நாள் கணக்கில் வட்டி ஓடுவதால், கெடு நாள் வரை பணத்தை வைத்திருப்பது நட்டம்.

தீபாவளி போனஸ், விடுப்பு ஊதியம், அறுவடைப் பணம் போன்ற மொத்தத் தொகைகளுக்குத் தனி வலு உண்டு. மேலே சொன்ன கடனில் தொடக்கத்திலேயே 8,000 ரூபாயை மொத்தமாகச் செலுத்திவிட்டு மாதம் 5,000 கட்டினால் 15 மாதங்களில் முடிகிறது. வட்டியில் மிஞ்சுவது ஏறக்குறைய இன்னொரு 8,000. சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்குப் பணத்தை வைத்துக்கொண்டு கார்டு நிலுவையைச் சுமப்பவர்களும் உண்டு. ஒரு மாத மருந்துச் செலவுக்கும் அவசரத்துக்கும் வேண்டியதை ஒதுக்கிவிட்டு மீதியைக் கார்டில் கட்டுவதே சரி. அந்தச் சிறு ஒதுக்கீடு இல்லாவிட்டால், முதல் காய்ச்சலுக்கே அட்டை மீண்டும் வெளியே வரும்.

இரண்டு மூன்று அட்டைகள் இருந்தால் வட்டி அதிகமானதை முதலில் அடைத்து, மற்றவற்றுக்குக் குறைந்தபட்சத் தொகை கட்டி வர வேண்டும். சிறிய நிலுவையை முதலில் முடித்து அந்த உற்சாகத்தில் பெரியதற்குப் போகும் முறையைப் பரிந்துரைப்போரும் உண்டு. வட்டி விகிதங்கள் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் அதனால் கேடில்லை.

விலை குறைந்த கடனுக்கு மாற்றுதல்

நாலரை வட்டிக் கடனை ஒரு வட்டிக் கடனால் அடைப்பது, குறைந்த வருவாய்க்காரர் கையில் இருக்கும் மிக வலிய கருவி. தமிழ்நாட்டில் அதற்கு முதல் வழி நகைக் கடன். ஆண்டுக்கு 10 சதவீதத்தில் 60,000 ரூபாய்க்கு நகையை வங்கியில் வைத்துக் கார்டை ஒரே நாளில் முடித்துவிட்டு, அதே 5,000 ரூபாயை மாதந்தோறும் நகைக் கடனில் கட்டினால் 13 மாதங்களில் நகை வீட்டுக்கு வரும். வட்டி 3,500 ரூபாய் அளவே. கார்டில் விட்டிருந்தால் 27,000-க்கு மேல். பெட்டியில் இருக்கும் சங்கிலியை அடகு வைப்பதைக் குடும்பத்துக்கு இழுக்காக நினைத்து, கார்டுக்கு மட்டும் மாதம் 2,655 கட்டிக்கொண்டிருப்பது எவ்வகையிலும் நியாயமாகாது. ஆனால் ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போனால் நகை மூழ்கிவிடும். மாதத் தவணையாகக் கட்டும் ஒழுங்கு இருப்பவர்க்கே இந்த வழி. அடகுக் கடைகளின் வட்டி வங்கியைவிடப் பல மடங்கு ஏறக்கூடும் என்பதால் வங்கியையோ கூட்டுறவுச் சங்கத்தையோ நாடுவது நல்லது.

கூட்டுறவு இயக்கமே கடுவட்டியிலிருந்து மக்களை மீட்கப் பிறந்தது. 1890-களில் பிரெடரிக் நிக்கல்சன் சென்னை அரசுக்குத் தந்த அறிக்கையின் பயனாக 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் சங்கம் பதிவானது. ஆலை, மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், பள்ளிகள் ஆகியவற்றில் இன்று இயங்கும் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்கள் அதன் வாரிசுகள். சம்பளத்தில் பிடித்தம் செய்துகொள்வதால் அவற்றின் வட்டி கார்டின் வட்டியில் ஒரு பகுதியே. பெண்களுக்கு மகளிர் சுயஉதவிக் குழு உண்டு. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய இந்த முறையில், குழுவின் உள்கடன் பெரும்பாலும் ஒரு வட்டி அல்லது இரண்டு வட்டி. பதிவு பெற்ற ஏலச்சீட்டில் இருப்பவர் சீட்டை எடுத்துக் கார்டை முடிக்கலாம். எவ்வளவு தள்ளி எடுக்கிறார் என்பதைப் பொறுத்தே லாபம். பதிவு பெறாத சீட்டில் இதற்காகச் சேருவது ஆபத்து.

இந்த வழிகளில் ஒன்றும் இல்லாதவர் வங்கியிடமே நிலுவையைத் தவணைக் கடனாக மாற்றித் தரக் கேட்கலாம். இதன் வட்டி கார்டு வட்டியைவிடக் குறைவு. பரிசீலனைக் கட்டணமும் வட்டியின்மேல் வரியும் உண்டு. ஒரு தவணை தவறினால் பழைய வட்டிக்குத் திரும்பிவிடலாம் என்பதால் நிபந்தனையைப் படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. கார்டைக் கடையில் தேய்த்துத் தரகு போக ரொக்கம் பெறுவதும், ஒரு கார்டால் இன்னொன்றைக் கட்டுவதுமான 'ரொட்டேஷன்' முதலாவது. நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் தரகு ஒவ்வொரு மாதமும் போவதால், கடன் அசையாமல் இருக்கவே பணம் செலவாகிறது. மற்றொன்று, சில நிமிடங்களில் பணம் தரும் கைபேசிச் செயலிக் கடன்; ரிசர்வ் வங்கியின் பதிவு பெற்ற நிறுவனம் பின்னால் இல்லாத செயலிகள் வட்டியாலும் மிரட்டலாலும் உயிர்களைக் குடித்திருக்கின்றன.

கட்ட முடியாமல் போனால்

குறைந்தபட்சத் தொகை கெடு நாளிலிருந்து 90 நாளுக்குள் வராவிட்டால் வங்கி அதை வாராக் கடனாக வகைப்படுத்தும். அதற்கு முன்பே வசூல் முகவர்கள் தொலைபேசியில் வருவார்கள். ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்டு சுற்றறிக்கைப்படி, காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. வசைபாடுதல், உறவினரிடமும் நண்பரிடமும் சொல்லி அவமானப்படுத்துதல், மிரட்டல் எதுவும் கூடாது. முகவரின் செயலுக்கு வங்கியே பொறுப்பு. அழைப்புகளின் நாள், நேரம் குறித்து வைத்து வங்கிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவு தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இதற்கான தொலைபேசி எண் 14448.

கடனட்டை நிலுவை உரிமையியல் வழக்குக்கு உரியது. கட்ட இயலாமைக்காகப் போலீஸ் கைது செய்ய முடியாது. காசோலை கொடுத்து அது திரும்பினாலோ, கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு பணமின்றித் திரும்பினாலோ தனிச் சட்டங்களின்படி குற்ற வழக்கு வரலாம் என்பதால், பணமில்லாதபோது காசோலை தருவது கூடாது. நீதிமன்றத் தீர்ப்பு எதிராக வந்தாலும் சம்பளம் முழுவதையும் பிடிக்க இயலாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் காக்கிறது. 25,000 சம்பளத்தில் 17,000 தொட முடியாதது. சம்பளக் கணக்கும் கார்டும் ஒரே வங்கியில் இருந்தால் வங்கி அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ள முனையும். நெருக்கடியில் இருப்பவர் சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்வது தவறில்லை. வழக்குத் தொடரக் கால வரம்பு மூன்று ஆண்டுகள். இடையில் ஒரு பகுதி கட்டினாலோ கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ அது புதிதாகத் தொடங்கும்.

நெடுநாள் நிலுவையில் வங்கி ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து ஒரே தடவையில் முடிக்க முன்வருவதுண்டு. மக்கள் நீதிமன்றங்களிலும் இத்தகைய உடன்பாடுகள் ஆகின்றன. தொகை, கெடு, மீதி தள்ளுபடி ஆகியவை வங்கியின் கடிதத்தில் எழுத்தாக வந்த பிறகே பணம் கட்ட வேண்டும். முகவரின் வாய்ச்சொல்லை நம்பக் கூடாது. இப்படி முடித்த கடன், கடன் தகவல் அறிக்கையில் 'முடிக்கப்பட்டது' என்று வராமல் 'சமரசம் செய்யப்பட்டது' என்ற குறிப்போடு வரும். 300 முதல் 900 வரை அளக்கும் சிபில் மதிப்பெண் இதனால் இறங்கும். வீட்டுக் கடன் சில ஆண்டுகள் கடினமாகும். ஆனாலும் வேலை இழந்தவரும் நோயாளியும் மதிப்பெண்ணுக்கு அஞ்சி நாலரை வட்டியைச் சுமக்க வேண்டியதில்லை. மதிப்பெண் மீண்டும் ஏறும்.

கடைசிப் புகலிடம் திவால். ஐ.பி. கொடுப்பது, மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்று மக்கள் சொல்லும் இதற்குச் சென்னை நகரில் 1909-ஆம் ஆண்டுச் சட்டமும் மற்ற மாவட்டங்களில் 1920-ஆம் ஆண்டுச் சட்டமுமே இன்றும் வழி. ஆண்டு வருவாய் 60,000-க்கும் கடன் 35,000-க்கும் மிகாத ஏழைகளுக்குப் 'புதுத் தொடக்கம்' தரும் பகுதி 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தும் நடைமுறைக்கு வரவில்லை.

இந்தியாவில் புழங்கும் கடனட்டைகள் 2024 தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டின. 2022 முதல் ரூபே கடனட்டையை யு.பி.ஐ. வழியாகப் பெட்டிக்கடையிலும் பயன்படுத்தலாம்.

நிலுவை முழுதும் அடைந்ததும் நிலுவையில்லாச் சான்று பெற்று, வேண்டாத அட்டையை மூடும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். நாட்டிலுள்ள நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் அறிக்கையில் அந்தக் கணக்கு முடிந்ததாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பாக்கி இல்லாத அட்டையை மூடக் கேட்ட ஏழு வேலை நாள்களுக்குள் வங்கி மூடியாக வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் அட்டைதாரருக்குத் தர வேண்டும்.